கப்பலேறிச் செல்லும் ஊர்

மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு துறைத்தலைவர் பணித்தபோது, தொல்காப்பிய வேற்றுமை மயக்கம் குறித்து எழுதவே எண்ணியிருந்தோம். ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக எம் இல்லத்தில் நாளும் பேசப்பட்டு வரும் பொருள் வேறொன்று. அதனை எழுதாமல் மற்றொன்றை எழுத மனம் இசையவில்லை. எம் குடும்பம் ஐவரைக் கொண்டது: எம் அன்னையார், யாம், எம் துணைவியார், மகள், மகன். இவ்வைவரும் ஒருமுறையேனும் கடல் கடந்து ஓர் அயல்நாட்டைக் கண்டு திரும்ப வேண்டும், வானூர்தி கூடாது, மகிழுந்து எம்மிடம் இல்லை, கடனும் வாங்கலாகாது. இதுவே அப்பொருள்.

வானூர்தி கூடாது என்பது சிக்கனத்தால் மட்டும் எழுந்த முடிவன்று. 2023 அக்டோபர் 14ஆம் நாள், நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் புறப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டினர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த எம் அன்னையார் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னைய ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போப்பா" என்றார். மதுரையிலிருந்தே கொழும்புக்கு வானூர்தி செல்கின்றதே என்றோம். "ஏரோப்ளேன் எனக்கு வேணாம். நான் கப்பல்ல போனவ. போனா கப்பல்லதான் போவேன்" என்று கூறிவிட்டு மீண்டும் கீரையை உருவத் தொடங்கினார். எழுபது ஆண்டு வாழ்வில் அவர் எம்மிடம் ஒன்று வேண்டுமெனக் கேட்டது அதுவே முதன்முறை.

எம் அன்னையாரின் தந்தையார், யாங்கள் நன்னா என்று அழைத்தவர், யாழ்ப்பாணத்துத் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். இன்றைய மாணவர்க்கு வியப்பாக இருக்கலாம். அக்காலத்தில் இப்பள்ளத்தாக்கினின்று இலங்கைக்குச் செல்வது பெருஞ்செய்தியன்று. போடியில் தொடருந்து ஏறினால் மதுரை. மதுரையில் மாறினால் மானாமதுரை வழியே தனுஷ்கோடி. அங்கே தொடருந்தினின்று இறங்கி, துறையில் காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறினால் சில மணி நேரத்தில் தலைமன்னார். மறுகரையில் அந்நாட்டுத் தொடருந்து காத்திருக்கும். கொழும்புக்குப் போவோர் அப்படியே போவர். யாழ்ப்பாணத்துக்குப் போவோர் மதவாச்சிச் சந்திப்பில் வடக்கு நோக்கி மாறுவர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது அமைந்த வழி அது. சென்னையினின்று தனுஷ்கோடிக்கு வந்த வண்டிக்கு மக்கள் 'போட் மெயில்' என்றே பெயரிட்டனர். ஏழை எளியோரும் தோட்டத் தொழிலாளரும் சிறுவணிகரும் சென்ற வெளிநாடு அது. மூட்டை முடிச்சுகளோடு பெண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, சோற்றுப் பொட்டலத்தையும் கட்டிக்கொண்டு போயினர்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே நன்னா குடும்பத்தை ஊருக்கு அழைத்து வந்துவிட்டார். பின்னர் அவரும் திரும்பிச் செல்லவில்லை. இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிற்று எனினும், இலங்கையில் போர்மேகம் சூழ்ந்த 1980களின் நடுவில் அதுவும் நின்றது. நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜூலா' ஓய்ந்து, அதன்பின் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985இல் தீப்பற்றியதோடு அவ்வழியும் அடைந்தது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ் கப்பலின் கடைசிப் பயணம் 1995இல். எம் ஊர்ப் பெரியவர்களுள் கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் அக்கடற்பயணத்தைச் சொல்லத் தொடங்கினால் இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை முடியாது. ஒரு தலைமுறைக் காலத்திற்குள் கடல் எமக்கு வேடிக்கை பார்க்கும் பொருளாகிவிட்டது.

இனித் திட்டத்திற்கு வருவோம். எம் துணைவியார் கணக்கில் வல்லவர். முதலில் அவர் சொன்னது நேபாளம். இந்தியர்க்குக் கடவுச்சீட்டும் வேண்டா, விசாவும் வேண்டா. எல்லை வரை தொடருந்தே போதும். பீகாரின் ஜெயநகரிலிருந்து ஜனக்பூருக்கு 2022 முதல் மீண்டும் தொடருந்தும் செல்கின்றது. செலவு குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கிருந்து எல்லையைத் தொடுவதற்கே ஏறத்தாழ மூன்று நாள். மூட்டுவலியுடைய முதியவரை அத்தனை நாள் இருக்கையில் அமர்த்த எவ்வாறு இயலும்? மேலும் அங்கே கப்பல் இல்லை. அத்துடன் நேபாளம் முடிந்தது.

நாகைக் கப்பலின் கட்டணத்தைப் பார்த்தபோது எம் ஊக்கம் தளர்ந்தது உண்மை. தொடக்க நாளுக்கு மட்டும் சலுகை. அதன்பின் வரியுட்பட ஒருவழிக்கு 7,670 ரூபாய் என்று 2023இல் அறிவித்தனர். ஐவர்க்கும் போகவர 76,700. துணைவியார் அத்தொகையை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி, அடியில் இரு கோடுகள் இட்டு, எம்மிடம் நீட்டினார்; ஒன்றும் சொல்லவில்லை. கட்டணம் ஒருபுறமிருக்க, கப்பலும் நிலைக்கவில்லை. வடகிழக்குப் பருவக்காற்றைக் காரணங்காட்டி ஒரு வாரத்திற்குள் நிறுத்தினர். 2024 ஆகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்னும் வேறொரு கப்பல் ஓடத் தொடங்கியது, கட்டணமும் குறைந்தது, மழைக்காலத்தில் அதுவும் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் புறப்பட்டது. இதனால் யாம் கற்றது ஒன்றுண்டு. அரையாண்டு விடுமுறையை நம்பி இப்பயணத்தைத் திட்டமிடலாகாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அக்கடல் கப்பலை ஏற்பதில்லை. கோடை விடுமுறையே தகுந்த காலம். அதிலும் புறப்படும் நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்திற்குத் துணைவியார் தெருப்பெண்களோடு சேர்ந்து குலுக்கல் சீட்டு ஒன்று போட்டார். மாதம் இரண்டாயிரம், இருபது மாதம். வட்டியில்லை, தள்ளுபடியில்லை, எவர் பெயர் வருகிறதோ அவர்க்கு முழுத்தொகை. எம் பெயர் பதினேழாம் மாதம் வந்தது. கடவுச்சீட்டுச் செலவை அதில் தொடாமல் முன்னரே முடித்தோம்: பெரியவர்க்கு 1,500, சிறுவர்க்கு 1,000, அறுபது வயது கடந்தோர்க்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி, ஆக ஐவர்க்கும் 6,350 ரூபாய்.

அக்கடவுச்சீட்டு வேலைதான் எம்மை எதிர்பாராத இடத்திற்குக் கொண்டு சேர்த்தது. எம் அன்னையாரின் ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு ஒன்று. வாக்காளர் அட்டையில் வேறொன்று. எது சரி என்று கேட்டால், "பெரிய மழை பேஞ்ச வருஷம்" என்பார். எந்த மழை? பள்ளிக்கூடச் சான்றும் இல்லை. ஒருநாள் மாலை அவரே பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே நன்னாவின் பழைய கடவுச்சீட்டு, வேட்டித் துண்டில் சுற்றியபடி. அந்நாளில் பிள்ளைகளுக்குத் தனிக் கடவுச்சீட்டு எடுப்பது அருமை. தந்தையின் கடவுச்சீட்டிலேயே பிள்ளைகளின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதிவிடுவர். அப்பக்கத்தைத் திறந்தோம். எம் அன்னையாரின் பெயர், பிறந்த ஆண்டு 1954. தெளிவாக இருந்தது.

அதற்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. ஓர் ஆண்குழந்தை, பிறந்தது 1962. அவ்வரியின் மீது எவரோ ஓர் அலுவலர் சிவப்பு மையால் நேர்கோடு ஒன்று இழுத்திருந்தார்.

எம் அன்னையார்க்கு உடன்பிறந்தார் ஒருவரும் இல்லை என்றே இத்தனை காலமும் அறிந்திருந்தோம். இது யார் என்று கேட்டோம். "என் தம்பி. அங்கயே இருக்கான்" என்றார்.

நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். 1963இல் நன்னா குடும்பத்தை யாழ்ப்பாணத்திற்கு அழைத்துச் சென்றார். சோனகத் தெருவில் குடியிருந்தனர். ஒரு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, நான்கு நாள். நன்னா அதனை இரு கைகளிலும் ஏந்தித் தெருவில் இறங்கிப் பள்ளிவாசல் நோக்கி நடந்தார். பின்னால் தெருவார் சென்றனர். அடக்கத்திற்குப் பெண்கள் செல்லும் வழக்கமில்லை. நன்னியும் ஒன்பது வயது மகளும் வாசற்படியில் நின்று, தெரு திரும்பும் வரை பார்த்தனர். நன்னி அந்த அடக்கத்தலத்தைக் கண்டதேயில்லை. ஆண்டுதோறும் ஒரு நாளில் நன்னி பால்சோறு சமைத்து, ஃபாத்திஹா ஓதச் செய்து, தெருக்குழந்தைகள் அனைவரையும் அழைத்து ஊட்டுவார். சிறுவயதில் யாமும் அப்பந்தியில் முதலாவதாக அமர்ந்து உண்டிருக்கின்றோம். எவர்க்காக என்று கேட்கத் தோன்றியதில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. 1990 அக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர் என்பதும், யாழ்ப்பாண நகரத்தார்க்கு இரண்டு மணி நேரமே அவகாசம் தரப்பட்டது என்பதும் நாம் படித்த செய்திகள். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். போர் ஓய்ந்தபின் திரும்பியோர் சிலரே. வீடுகள் இடிந்த அத்தெருவில், ஆளில்லாது கிடந்த ஆண்டுகளுக்குப் பின், ஒரு சிறு மண்மேட்டைத் தேடி எங்ஙனம் காண்பது? மறுநாள் இதனை மெல்ல எடுத்துரைத்தோம். "கல்லு இருக்காதுப்பா, தெரியும். இடம் இருக்கும்ல?" என்றார்.

ஆகவே இப்போது எம் திட்டம் இவ்வாறு அமைந்துள்ளது. கம்பத்திற்குத் தொடருந்து இன்னும் வரவில்லை; தேனி வரை பேருந்து. தேனியிலிருந்து மதுரைக்குத் தொடருந்து. 2010 இறுதியில் அகலப்பாதைக்காக மூடப்பட்டு, 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் மீண்டும் திறக்கப்பட்ட அதே பாதை. எம் அன்னையார் 1963இல் சென்றதும் அப்பாதையில்தான். மதுரையில் மாறித் திருச்சி. திருச்சியில் மாறித் தஞ்சை, திருவாரூர் வழியே நாகூர். இரவு நாகூரில் தங்கல். எம் மகன் தர்காவின் ஐந்து மனோராக்களையும் எண்ண வேண்டுமாம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டகை பெயரால் தர்காக்கள் எழுப்பியவர்கள் இத்துறையிலிருந்து கப்பலேறிய நம்மவரே என்பதை அவனுக்கு அங்கே சொல்லலாம். விடியலில் நாகைத் துறைமுகம். கடல்வழி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரம். காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம் பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள். இலங்கைக்குரிய நுழைவு இசைவினை இணையவழி முன்னரே பெறுதல் நன்று.

கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் மலைத்தொடருந்தில் செல்வது முதல் திட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் நிலச்சரிவும் மலையகத்தைச் சிதைத்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்பகுதியை அடித்துவிட்டோம். நான்கு நாளும் யாழ்ப்பாணமே. அங்கே மொழி தெரியாத இடர்ப்பாடு இல்லை. நம் ரூபாய் ஒன்றுக்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும், ஆயினும் 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் விலைகளும் ஏறியே உள்ளன, மலிவென்று மயங்கற்க. தமிழாசிரியன் என்ற முறையில் எமக்கும் சில ஆசைகள் உண்டு. 1981இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த நூலகத்தின் வாயிலில் நிற்க வேண்டும். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டியைக் காண வேண்டும். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு செல்ல வேண்டும். மணிமேகலையின் மணிபல்லவம் அதுவே என்பார் உளர். பிள்ளைகளுக்குக் கடற்கோட்டையும் பனங்கிழங்கும்.

இதற்கிடையே ஈராண்டுகள் கழிந்துவிட்டன. ஒரு கோடையில் அன்னையார்க்குக் கண்புரை அறுவை. மறு கோடையில் மகளுக்குப் பொதுத்தேர்வு. அன்னையார் இப்போது கைத்தடியோடு நடக்கின்றார். கப்பலின் படியேறுதல் குறித்து மருத்துவரிடம் கேட்டோம். தள்ளிப்போடாமல் செல்லுங்கள் என்றார்.

எம் மகள் கோடிட்ட தாளில் பயண நிரலை அழகுற எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியுள்ளாள். முதல் நாள் கோட்டை, இரண்டாம் நாள் நயினாதீவு, மூன்றாம் நாள் நூலகமும் சிறுப்பிட்டியும், நான்காம் நாள் சோனகத் தெரு. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து வந்தபோது அத்தாளில் ஒரு மாற்றம் கண்டோம். நான்காம் நாளைப் பென்சிலால் சுழித்து, அதினின்று ஒரு கோட்டை மேல்நோக்கி இழுத்து, முதல் நாளின் தலைமாட்டில் கொண்டு நிறுத்தியிருந்தது ஒரு நடுங்கும் கை. மகளிடம் வேறு தாளில் புதிதாக எழுதச் சொல்லியிருக்கின்றோம்.