துண்டுக்குள் இருக்கட்டும் சாவி

வீரசோழன் என்றாலே அந்த வட்டாரத்தில் ஆட்டுச் சந்தைதான் ஞாபகத்துக்கு வரும். தமிழ்நாட்டுக் கால்நடைச் சந்தைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். சாட்பாட் எழுதுகிறவர்களுக்கும் இப்படி ஒரு துண்டு இருக்கிறது நண்பர்களே... அதுதான் என்விரான்மென்ட் வேரியபிள். 1979-ல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த பழைய சரக்கு!

சந்தை விலை சொல்லும் டெலிகிராம் சாட்பாட் ஒன்றை வீரசோழன் மாணவர் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டெலிகிராமில் பாட்ஃபாதரிடம் கேட்டால் ஒரு டோக்கன் கிடைக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த சாட்பாட்டுக்கு முதலாளி. பொய் விலையைக்கூட அனுப்பலாம். அதை நம்பி ஆட்டை விற்றவர் கதி?

அதனால் டோக்கனை புரோகிராமுக்குள் எழுதக்கூடாது. புள்ளியில் தொடங்கும் 'என்வ்' என்ற தனி ஃபைலில், பெயர், சமக்குறி, டோக்கன் என்று ஒரே வரியில் எழுத வேண்டும். பைத்தானில் டாட்என்வ் லைப்ரரி அதைப் படித்துக்கொள்ளும். புரோகிராமில் பெயர் மட்டும்தான் இருக்கும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. சோதனைக்கென்று தனி சாட்பாட், தனி டோக்கன் வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். புரோகிராம் ஒன்றுதான், டோக்கன் மட்டும் வேறு. வீட்டில் செய்யும் தப்பு ஊருக்குப் போகாது.

முக்கியமான விஷயம், முதல் கமிட்டுக்கு முன்பே அந்த ஃபைலின் பெயரை 'கிட்இக்னோர்' ஃபைலில் சேர்த்துவிட வேண்டும். மறந்து கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். அப்போது ஒரே வழி, பாட்ஃபாதரிடம் பழைய டோக்கனை ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்குவதுதான்.

இது மாணவர்கள் மட்டும் செய்யும் தப்பு என்று நினைக்க வேண்டாம். டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கான புரோகிராமை ஒப்பந்த நிறுவனம் ஒன்று கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிட்டது. உள்ளே சர்வரின் சாவி! 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று டொயோட்டாவே அறிவித்தது.

புரோகிராமை ஊருக்கே காட்டலாம், தப்பில்லை. சாவி மட்டும் துண்டுக்குள் இருக்கட்டும்.