எண்ணெய்ச் சட்டியும் உம்மாவின் மாத்திரையும்



வியாழக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் நம் மதரஸாவில் பெண்களுக்கான ஃபிக்ஹ் வகுப்பு நடைபெறுகிறது. சென்ற ஷஃபான் மாதத்தில் ஹைழ் பாடத்தை முடித்துவிட்டு, மாதவிடாய் முற்றிலும் நின்றுபோன பெண்களுக்குரிய சட்டங்களுக்கு வந்தோம். தலாக் கூறப்பட்டால் அவர்களது இத்தா மூன்று மாதங்கள் என்பதை சூரத்துத் தலாக்கின் நான்காம் வசனத்தைக் கொண்டு விளக்கினோம். ஷாஃபிஈ நூல்களில் இதற்குரிய வயது 62 சந்திர ஆண்டுகள் என்றும், ஹனஃபி நூல்களில் 55 என்றும் குறிப்பிடப்படுவதையும் கூறினோம். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு ராத்தா கேட்டார்: “இத்தாவுக்குச் சட்டம் சொன்னீங்க ஆலிமா. அந்த வயசுல உடம்புக்கு என்ன ஆகுதுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்களே?”

அக்கேள்வி நம்மைச் சுட்டது. அதற்கான விடை நம் வீட்டிலேயே, நம் உம்மாவின் கட்டிலருகே இருந்தது. அந்த விடையை நாம் அறிந்துகொண்ட விதமோ பெருமைக்குரியதன்று.

உம்மாவுக்கு அப்போது வயது 64. ஒரு நாள் ஃபஜ்ருக்கு முன் முதுகில் வலி, உடலெங்கும் வியர்வை. நெஞ்சு வலிக்கவில்லை. வாயு என்றெண்ணி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, லுஹர் வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாலையில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோதுதான் மாரடைப்பு என்று தெரியவந்தது. பெண்களுக்கு மாரடைப்பு இவ்வாறு முதுகுவலியாகவும், தாடை வலியாகவும், மூச்சுத்திணறலாகவும், காரணமற்ற களைப்பாகவும் வருவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். அல்லாஹ்வின் கிருபையால் ஸ்டென்ட் பொருத்தி வீடு திரும்பினார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுதும் விடக்கூடாது என்று எழுதித் தந்தார்கள்.

அதன்பின் ஓராண்டு கழித்து நம் வகுப்பில் நபிவழி மருத்துவம் பற்றிப் பேசினோம். கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் ஹதீஸையும், ஜைத்தூன் எண்ணெயை உண்ணவும் பூசவும் ஏவும் ஹதீஸையும் எடுத்துரைத்தோம். உம்மாவும் அன்று வகுப்பில் இருந்தார்கள். மறுநாளிலிருந்து காலையில் கருஞ்சீரகம், மாலையில் பக்கத்து வீட்டார் கொடுத்த ஆளிவிதைப் பொடி, இரவில் ராத்தா துபாயிலிருந்து அனுப்பிய சோயா கேப்ஸ்யூல் என்று ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். மருத்துவர் தந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார்கள். நான்கு மாதங்கள் நமக்குத் தெரியாது. 96 ஆக இருந்த எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 178 ஆகியிருந்ததைப் பரிசோதனைச் சீட்டில் கண்டபோதுதான் விசாரித்தோம். “நீதானேம்மா கருஞ்சீரகத்துல ஷிஃபா இருக்குன்னு சொன்னே” என்றார்கள்.

நாம் ஹதீஸைச் சரியாகத்தான் சொல்லியிருந்தோம். ஆனால் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட ஹதீஸை அன்று சொல்லாமல் விட்டிருந்தோம். மருத்துவம் பயின்றவரல்லர் நாம். கையிலிருப்பது இஸ்லாமியக் கல்விப் பட்டயம் ஒன்றே. எனினும் அன்றிரவிலிருந்து இது குறித்துத் தேடிப் படிக்கலானோம். உம்மாவின் மருத்துவரிடமும் அமர்ந்து கேட்டோம்.

பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் காலம் வரை, கல்லீரல் இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ட்ராலை நன்கு உறிஞ்சி அகற்றுகிறது. அதற்கான வாயில்களை அந்த ஹார்மோன் மிகுதியாகத் திறந்து வைக்கிறது எனலாம். மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் வீழ்ச்சியடைகிறது, வாயில்கள் குறைகின்றன. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓரிரு ஆண்டுகளிலேயே எல்.டி.எல். சட்டென உயர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது, முப்பது வயதில் உண்ட அதே நெய்ச்சோற்றை ஐம்பத்தைந்தில் உண்ணும்போது அதைக் கையாளும் உடல் முன்போல் இல்லை. “நான் எப்பவும் சாப்பிடறதைத்தானே சாப்பிடறேன்” என்று உம்மா சொன்னது முற்றிலும் உண்மை. மாறியது சாப்பாடு அன்று.

கொழுப்பையே ஒழித்துவிட்டால் போதுமா? அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் எனும் பேராய்வு இதைச் சோதித்தது. 50 முதல் 79 வயது வரையுள்ள, மாதவிடாய் நின்ற 48,835 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கொழுப்பைக் குறைத்து, காய்கனிகளையும் தானியங்களையும் கூட்டி உண்ணச் செய்தார்கள். ஏறத்தாழ எட்டாண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு குறையவில்லை. மார்பகப் புற்றுநோய் சற்றே குறைவாகத் தெரிந்தாலும், அது தற்செயலாகவும் இருக்கலாம் எனும் அளவிலேயே இருந்தது. இதைப் படித்தபோது நமக்கு முதலில் ஏமாற்றமே. பிறகுதான் விளங்கியது: அப்பெண்கள் நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று பாராமல் எல்லாவற்றையும் சேர்த்தே குறைத்திருக்கிறார்கள். குறைப்பதைக் காட்டிலும் எதை எடுத்துவிட்டு அவ்விடத்தில் எதை வைக்கிறோம் என்பதே இதயத்துக்கு முக்கியம் என்பது இன்று பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து.

இங்கேதான் நம் சமையலறை வருகிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. நல்லெண்ணெயில் அதிலும் குறைவு. நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.-ஐ உயர்த்தும், அதற்குப் பதிலாக நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஜைத்தூன் போன்றவற்றைப் பயன்படுத்தினால் அது குறையும். தேங்காய்ப்பால் இல்லாத வட்டலப்பத்தை யாரும் வட்டலப்பம் என்று அழைக்கமாட்டார்கள். அதைத் தடை செய்ய நாமும் துணியவில்லை. ஆனால் அன்றாட மீன் ஆணத்திலும் தேங்காய்ப்பால், கீரையிலும் தேங்காய், தாளிக்கவும் தேங்காய் எண்ணெய் என்றிருந்ததை மாற்றினோம். மத்தி மீன் வாரம் இருமுறை வருகிறது, பொரித்தல்ல, ஆணமாக.

இவற்றைவிடக் கொடியது வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுவதோடு நல்லதையும் குறைத்துவிடும் இயல்புடையது அது. 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்திருக்கிறது. ஆனால் ரமளானில் நம் வீடுகளில் ஒரே சட்டி எண்ணெயில் முப்பது நாளும் சமோசாவும் வடையும் பொரிக்கும் வழக்கத்துக்கு எந்த விதியும் வரவில்லை. நம் வீட்டில் ஐந்து பேருக்கு மாதம் ஆறு லிட்டர் எண்ணெய் செலவாகிக்கொண்டிருந்தது. கணக்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லி. உடலுழைப்பு குறைந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் எண்ணெய், நெய் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010இல் தந்த அளவு. சகோதரிகள் தங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்து ஒருமுறை வகுத்துப் பார்க்கலாம்.

இனி சோயா கேப்ஸ்யூலுக்கு வருவோம். சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்றொரு பொருள் உண்டு. ஈஸ்ட்ரோஜனை ஒத்த வடிவமுடையதால் உடலில் மெலிதாக அதைப் போல வேலை செய்யும். குடலிலுள்ள சில நுண்ணுயிரிகள் அதை ஈக்வால் எனும் இன்னும் வலிய பொருளாக மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிரிகள் எல்லார் குடலிலும் இல்லை. ஆகவேதான் ஒருவருக்குப் பலனளித்தது என்று அடுத்தவருக்குப் பரிந்துரைப்பது பயன்தருவதில்லை. மாதவிடாய் நின்றபின் வரும் திடீர்ச் சூட்டுக்கும் வியர்வைக்கும் சோயாவைப் பரிந்துரைக்க இயலாது என்று வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் அறிவித்தது. உணவாக உண்ணும் சோயா வேறு. அது நல்ல புரதம், கெட்ட கொலஸ்ட்ராலையும் சிறிதளவு குறைக்கும். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் மட்டும் கேப்ஸ்யூல் பக்கம் மருத்துவரைக் கேளாமல் போகவே கூடாது. (ராத்தா அனுப்பிய புட்டியில் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கவில்லை. ஹலால் பார்த்து மிட்டாய் வாங்கும் நாம் மருந்துப் புட்டியைத் திருப்பிப் பார்ப்பதில்லை.)

ஆளிவிதையில் லிக்னன் எனும் மற்றொரு தாவரப் பொருள் இருக்கிறது. எள்ளிலும் உண்டு. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 188 பெண்களில் ஒரு பிரிவினருக்கு ஆளிவிதை கலந்த தின்பண்டமும், மறு பிரிவினருக்கு அது கலவாத தின்பண்டமும் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோருக்குச் சூடு பாதியாகக் குறைந்தது! ஆளிவிதை என்று நம்பியே பலருக்குக் குணம் தெரிந்திருக்கிறது. ஆனால் அதன் நார்ச்சத்தும் கொழுப்பும் இதயத்துக்கு ஓரளவு நன்மை செய்பவை. முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். பொடித்துத்தான் உண்ண வேண்டும். பொடித்தது சீக்கிரம் சிக்கெடுத்துவிடும் என்பதால் உம்மாவுக்கு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகப் பொடிக்கிறோம்.

மாத்திரையை மறுபடி தொடங்க உம்மா எளிதில் இசையவில்லை. “அல்லாஹ் மேல தவக்குல் இல்லாதவங்கதான் மாத்திரையை நம்புவாங்க” என்றார்கள். பதில் சொல்லத் தகுதியற்றவராய் நின்றோம். அந்த வாசனையில் ஒரு பகுதி நம் வகுப்பிலிருந்து போனதுதானே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நினைவூட்டினோம். நெடுநேரம் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “ஒட்டகத்துக்கு ஒரு கயிறு போதும், எனக்கு எத்தனை மாத்திரை” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை வகுப்பில் இவற்றையெல்லாம் அந்த ராத்தாவுக்கு விடையாகச் சொன்னோம். கருஞ்சீரகம் பற்றி நாம் பாதியில் விட்ட பேச்சையும் சேர்த்துச் சொன்னோம். வகுப்பு முடிந்ததும் மூவர் தனியே வந்து, தாங்களும் மாத்திரையை நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் நம் உறவுக்காரர். மூவரையும் அவரவர் மருத்துவரிடம் திரும்ப அனுப்பியிருக்கிறோம், இருவர் போய்விட்டார்கள்.

உம்மாவுக்குப் பெருநாள் கழிந்து எடுத்த பரிசோதனையில் எல்.டி.எல். 104. பெருநாளன்று வட்டலப்பம் இரண்டு துண்டு உண்டதாக மருத்துவரிடம் தாமாகவே ஒப்புக்கொண்டார்கள். மூன்று என்பது நமக்குத் தெரியும்.