நாற்பதாவது நொடி

பிட்காயினில் 'பணப்பை' என்று வழங்கப்படும் கோப்பில் பணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொலைந்த பணப்பையை மீட்டவர்களின் கதைகளை வாசிக்கையில் நம் மனத்தில் எழும் புதையல் சித்திரம் அவ்வளவு பொருத்தமானதன்று. நாணயங்கள் இருப்பது, உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒருசேர எழுதப்பட்டுவரும் பொதுப் பேரேடு ஒன்றில். இன்ன முகவரியில் இவ்வளவு என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். கோப்புக்குள் இருப்பது அதை அசைப்பதற்குரிய திறவுகோல் மட்டுமே. ஆகவே அத்திறவுகோலைத் தொலைத்தவர் தம் செல்வத்தை நாள்தோறும் கண்ணால் கண்டுகொண்டே இருக்கலாம், தொட முடியாது. பூதம் காத்த புதையல் கதைகளில்கூட இவ்வளவு கொடுமை இல்லை.

2024ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ஒரு மீட்புக் கதையைப் பற்றி நாங்கள் சில நண்பர்கள் பலமுறை பேசிவிட்டோம். தம் பெயரை வெளியிட விரும்பாத ஐரோப்பியர் ஒருவர் 2013இல் 43.6 பிட்காயின்களை வைத்திருந்தார். அன்றைய மதிப்பு ஏறத்தாழ 5,300 டாலர். பணப்பைக்குப் பூட்டாக, ரோபோஃபார்ம் என்ற மென்பொருளைக்கொண்டு 20 எழுத்துகளில் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கினார். அதை அம்மென்பொருளிலேயே சேமித்து வைக்க அவருக்கு அச்சம். யாராவது கணினிக்குள் புகுந்துவிட்டால்? எனவே வேறொரு மறையாக்கக் கோப்பில் பத்திரப்படுத்தினார். அந்தக் கோப்பு பழுதாகிவிட்டது. அளவுக்கு மீறிய எச்சரிக்கையே அவருக்கு எமனாயிற்று.

அவர் நாடிச் சென்றது ஜோ கிராண்ட் என்ற அமெரிக்கரை. 1998இல் அமெரிக்க செனட் சபையின் முன் கணினிப் பாதுகாப்பு குறித்துச் சாட்சியம் அளித்த லாஃப்ட் குழுவின் உறுப்பினர். முதலில் மறுத்துவிட்டார். மறுத்ததில் நியாயம் உண்டு. எழுத்துகளும் எண்களும் மட்டுமே கலந்த 20 எழுத்துச் சொற்களை எண்ணினாலே 7க்குப் பின் 35 சுழியங்கள் வரும். அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது மனித ஆயுளுக்கு மட்டுமல்ல, சூரியனின் ஆயுளுக்கும் அடங்காத வேலை.

2023இல் கிராண்ட் மனம் மாறினார். புரூனோ என்ற ஜெர்மானிய நண்பருடன் சேர்ந்து ரோபோஃபார்மின் பழைய பதிப்பைப் பிரித்து ஆராய்ந்தார். அங்கே ஓர் ஓட்டை இருந்தது. தற்போக்காக எழுத்துகளைப் பொறுக்குவதாகக் காட்டிக்கொண்ட அம்மென்பொருள், உண்மையில் கணினியின் கடிகாரத்தைப் பார்த்தே சொல்லை உருவாக்கியிருக்கிறது. இன்ன நாள், இன்ன நொடி என்று தெரிந்துவிட்டால், அதே சொல்லை மறுபடியும் அதனிடமிருந்து பெறலாம். (இக்குறை 2015இல் சரிசெய்யப்பட்டதாம்.) மூன்று மாதங்களில் சுமார் 80 லட்சம் நொடிகள். அண்டத்தைத் துழாவ வேண்டிய வேலை ஒரு பழைய நாட்காட்டியைப் புரட்டும் வேலையாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் எந்த நாள்? அதுதான் அவருக்கு நினைவில்லை. பேரேட்டின்படி நாணயங்கள் பணப்பைக்குள் முதலில் வந்தது 2013 ஏப்ரல் 14. அதையொட்டி மார்ச் 1 முதல் ஏப்ரல் 20 வரை தேடினார்கள். இல்லை. ஜூன் 1 வரை நீட்டினார்கள். அப்போதும் இல்லை. கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகள் இருந்தன என்று அவர் சொல்லியிருந்தார். நிச்சயமா, நிச்சயமா என்று இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்க, பத்தாண்டுக்கு முன் செய்ததை யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்று அவருக்கு எரிச்சலே வந்திருக்கிறது. கடைசியில் துப்புக் கொடுத்தவை, அதே ஆண்டில் அவர் உருவாக்கிய வேறு சில கடவுச்சொற்கள். அவற்றுள் இரண்டில் சிறப்புக் குறி ஏதுமில்லை. அவ்வாறே மாற்றித் தேடியபோது கிடைத்துவிட்டது: 2013 மே 15, கிரீன்விச் நேரப்படி மாலை 4 மணி 10 நிமிடம் 40 நொடி.

நினைவு உறுதியாகச் சொன்னது பிழை. அவர் பொருட்படுத்தாமல் விட்டுவைத்த பழைய தாள்கள், அப்படிச் சொல்லலாமென்றால், அவரைப் பற்றி அவரைவிடச் சரியாக அறிந்திருந்தன. எங்களை மீண்டும் மீண்டும் இக்கதைக்கு இழுப்பது இந்த இடம்தான். இன்னொன்றும் உண்டு. அவரைக் காப்பாற்றியது ஒரு குறைபாடு. மென்பொருளாளர் தம் வேலையைச் செவ்வனே செய்திருந்தால் அப்பணம் என்றைக்கும் வெறும் காட்சிப் பொருளாகவே இருந்திருக்கும். ஸ்டீபன் தாமஸ் என்ற நிரலாளருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2011இல் ஒரு விளக்கப்படம் தயாரித்துக் கொடுத்ததற்குக் கூலியாகக் கிடைத்த 7,002 பிட்காயின்களின் திறவுகோலை அவர் அயர்ன்கீ என்ற சேமிப்புக் கருவியில் வைத்தார்; கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்தார். பத்து முறை தவறினால் அக்கருவி தன் உள்ளடக்கத்தை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021 ஜனவரியில் அவர் கதை செய்தியானபோது எட்டு வாய்ப்புகள் தீர்ந்திருந்தன. நன்றாகச் செய்யப்பட்ட பூட்டுக்கு உரியவன் யார், அயலான் யார் என்ற பேதம் தெரியாது.

எங்களுக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. நண்பர் ஒருவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அவருடைய கணினியில் 2004ஆம் ஆண்டு தேதியிட்ட வேர்ட் கோப்பு ஒன்று, கடவுச்சொல் இட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. நாவல் எழுதுவதாக எங்களிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய துணைவியாரிடம் சொன்னதில்லை. பிள்ளைகளின் பெயர், வேலை பார்த்த ஊர்கள், அவர் கொண்டாடிய எழுத்தாளர்கள் என்று எதையெல்லாமோ இட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, கடவுச்சொல்லே வேண்டியதில்லை என்று. அக்காலத்து வேர்டின் பூட்டு 40 பிட் அளவினது. மொத்தம் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி திறவுகோல்கள். இன்றைய கணினி ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சில நாட்களில் பார்த்து முடித்துவிடும்.

ஐரோப்பியரிடம் 'நிச்சயமா?' என்று கேட்டு எரிச்சலூட்டவாவது முடிந்தது. அவர் தம் பூட்டைத் தாமே திறக்கச் சொன்னவர். எங்கள் நண்பர் பூட்டியது யாரிடமிருந்து, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க இனி வழியில்லை. திறக்க முடியும் என்ற செய்தியை அவருடைய துணைவியாரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "திறக்கட்டும். ஆனா நீங்க யாரும் படிக்க வேண்டாம், முதல்ல நான் பார்த்துக்கறேன்" என்றார்.

விவரம் தெரிந்த இளைஞர் ஒருவரிடம் கோப்பை ஒப்படைத்திருக்கிறோம். நண்பர் அந்நாட்களில் டிஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர். பூட்டு திறந்தாலும் இன்றைய கணினியில் அது வெறும் லத்தீன் குறிகளின் குப்பையாகத்தான் தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றி அவர் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். மாற்றுவதற்கு வாசிக்க வேண்டியதில்லை.