ஒத்துத் தெரிந்தும் ஒவ்வாத டேட்டா ஃபிரேம்கள்

ஆர் மொழியில் இரண்டு டேட்டா ஃபிரேம்கள் திரையில் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும்; ‘ஐடென்டிகல்’ செயற்கூறோ ‘ஃபால்ஸ்’ என்று கைவிரிக்கும். திரை எண்களை வழக்கமாக 7 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறது. ஐடென்டிகல் தரவின் வகை, பண்புகள், வரிசைப் பெயர்கள் வரை துருவுகிறது.

அதனால் மதிப்புகளுக்கு முன் அமைப்பைப் பார்ப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும். ‘ஸ்டர்’ கட்டளை நெடுவரிசைக்கு ஒரு வரியாக வகையைச் சொல்லிவிடும். ஒரு பக்கம் இன்டிஜர், மறுபக்கம் டபுள் என்றிருக்கலாம். 2020-இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்பு எழுத்துச் சரங்கள் தாமாகவே ஃபேக்டர்களாக மாறிவந்தன. அக்காலத்தில் சேமித்த கோப்பைப் புதிதாகப் படித்த தரவோடு ஒப்பிட்டால் இன்றும் இடறும். வடிகட்டிய டேட்டா ஃபிரேம் 2, 5, 9 என்று பழைய வரிசை எண்களையே பெயராகச் சுமந்துவரும். வரிசைப் பெயர்களை அழித்தால் அந்தச் சிக்கல் தீரும்.

அமைப்பு ஒத்தும் ஒப்பீடு தவறினால் தசம எண்களைச் சந்தேகிக்கலாம். 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் திரையில் 0.3 வரும், 17 இலக்கங்கள் கேட்டால் 0.30000000000000004. இத்தகைய நுண்ணிய வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு ஒப்பிடுவதற்கென்றே இருப்பது ‘ஆல் ஈக்வல்’. அதைவிடப் பெரிய வேறுபாடு இருந்தால் அது ‘ஃபால்ஸ்’ தராமல் விளக்க வாக்கியம் தரும். எனவே ‘இஃப்’ நிபந்தனைக்குள் ‘இஸ் ட்ரூ’வால் சுற்றாமல் வைத்தால் நிரல் நின்றுவிடும்.

ஆல் ஈக்வல் பொறுத்துக்கொள்ளும் அளவு ஏறத்தாழ 0.000000015; அதுவும் எண்ணின் பருமனுக்கு ஒப்பான விகிதம். பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. பத்து இலக்க அடையாள எண்கள் இன்டிஜரின் எல்லையான 2147483647-ஐத் தாண்டும்போது டபுளாகவே பதிவாகின்றன. 9000000001, 9000000002 என்ற இரு வேறு எண்களின் வித்தியாசம் விகிதத்தில் மிகச் சிறியது என்பதால் இரண்டும் சமம் என்றே விடை வரும். தவறான தோல்வியைவிடத் தவறான வெற்றி ஆபத்தானது. கணக்குப் போடத் தேவையில்லாத எண்களை எழுத்துச் சரமாக வைத்திருப்பதே நல்லது.

விடுபட்ட மதிப்பு ‘என்ஏ’வை என்ஏவோடு == குறியால் ஒப்பிட்டாலும் விடை என்ஏதான். ‘இஸ் என்ஏ’ கொண்டு அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

தமிழ்த் தரவில் இன்னொரு கண்ணி உண்டு. ‘கோவை’யின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ‘என்கேர்’ எண்ணினால் ஒன்றில் 4, மற்றதில் 5. ஊர்ப்பெயரை வைத்து இரு டேட்டா ஃபிரேம்களை ‘மெர்ஜ்’ செய்தால் அந்த வரிசை எந்த எச்சரிக்கையும் இன்றி உதிர்ந்துபோகும். ‘ஸ்ட்ரிங்ஐ’ தொகுப்பின் என்எஃப்சி மாற்றத்தை இருபுறமும் செய்தபின் இரண்டும் ஒரே சரமாகிவிடும்.