பஞ்சு விளைந்த மண்ணில் பந்தயக் கார்

சனிக்கிழமை சம்பளம் போட்டு மெஷின்களை நிறுத்தினால், திருப்பூரில் ஞாயிறு காலையில்தான் காதுக்கு ஓய்வு. நிட்டிங் மெஷின் மெக்கானிக்கான என் நண்பருக்கு அந்த ஓய்வு ஒத்துவராது. செட்டிபாளையத்தில் கார் பந்தயம் என்றதும் பைக்கை எடுத்துவிட்டார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பல்லடத்தில் மேற்கே திரும்பினால் விசைத்தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு, தூரத்தில் காற்றாலை. வடக்கே சூலூர் விமானப்படைத் தளம். 2018-ல் தேஜஸ் போர் விமானங்கள் அங்கே வந்தபின், தலைக்கு மேல் உறுமல் கேட்டால் வண்டியை ஓரங்கட்டி அண்ணாந்து பார்ப்பது இந்தப் பக்கத்து இளவட்டங்களுக்கு வழக்கம்.

செட்டிபாளையத்தில் இருப்பது கரி மோட்டார் ஸ்பீட்வே. சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. ஆரவாரமும் செல்போன் படப்பிடிப்புமாக எல்லோரும் முன்னே நிற்க, நண்பர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மெஷினில் ஒரு ஊசி உடைந்தால், துணியில் கோடு விழுமுன் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர் அவர்.

“மூணாவதா போற வண்டியக் கேளுங்ண்ணா. ஒரு சிலிண்டர் சரியா அடிக்கல.”

எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் வேகம் குறைந்து ஒதுங்கியது. நண்பர் சிரிக்கக்கூட இல்லை. வேலை தெரிந்தவரின் முகத்தோடு நின்றார்.

பந்தயம் முடிந்து கார்கள் நிற்கும் இடத்துக்குப் போனோம். எல்ஜிபி பார்முலா 4 கார் ஒன்று மேல்கூடு கழற்றிக் கிடந்தது. உள்ளே இரும்புக் குழாய்களை இணைத்து வெல்டிங் செய்த சட்டம், ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் இன்ஜின். நண்பர் குத்தவைத்து வெல்டிங்கை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது நம்ம ஸ்விஃப்ட் இன்ஜினுங்களா?” அங்கிருந்த மெக்கானிக் தலையாட்டினார். டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் குடும்பம்தான் இங்கே பறந்துகொண்டிருந்தது.

சாதாரணக் கார் இன்ஜினைப் பந்தயக் காரில் வைக்கும் இந்த யோசனைக்கு முன்னோடி, ஸ்பீட்வேயின் பெயரிலேயே இருக்கும் எஸ். கரிவரதன். கோவை ஜவுளி ஆலைக் குடும்பத்துக்காரர். பந்தயக் காரை இறக்குமதி செய்தால் பணக்காரர்கள் மட்டுமே ஓட்ட முடியும் என்ற நிலையில், 1980களில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைக் கார்களை உள்ளூரிலேயே உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவருடைய உறவினரான நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார்.

கரிவரதனுக்கும் முன்னால் ஜி.டி. நாயுடு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் போட்டுப் படித்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சு அரைவை நடத்திச் சம்பாதித்தார். பம்பாய் பஞ்சு வியாபாரத்தில் அதை இழந்தார். 1920-ல் ஒற்றைப் பேருந்தோடு பொள்ளாச்சி–பழநி தடத்தில் மறுபடி தொடங்கினார். அவர் குடும்பம் சேர்த்த பழைய கார்கள் 2015 முதல் கோவை அவிநாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகமாக நிற்கின்றன. அருகிலேயே, 2025-ல் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

எங்கள் பக்கத்தில் வண்டிப் பித்து பார்த்து ரசிப்பதோடு அடங்காது என்று இவர்களை வைத்துத்தான் சொல்கிறேன். வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கினால், முதல் கேள்வி ‘எப்படி ஓடுது?’, அடுத்தது ‘இங்கே செஞ்சா எவ்வளவு ஆகும்?’ அதற்காகப் பந்தயம் எல்லோருக்கும் எட்டிவிட்டது என்று சொல்ல முடியாது. டயரும் பெட்ரோலும் பயிற்சியும் இன்னும் காசுள்ள வீட்டுச் சமாச்சாரம்தான். கரிவரதன் விலையைக் குறைத்தது பாதித் தூரம். மீதித் தூரம் அப்படியே கிடக்கிறது.

திரும்பும் வழியில் நண்பர் யார் ஜெயித்தார்கள் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லடம் வரும்வரை, குழாய் கிலோ என்ன விலை, அடிபட்ட ஸ்விஃப்ட் இன்ஜின் எங்கே கிடைக்கும், வெல்டிங்குக்கு யாரைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.