சர்வரும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும்

"பி.காம் படிக்கிற பையனுக்கு சர்வரோட என்ன வேலை?" என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். "கம்பெனியில சர்வர் பார்த்துக்கறேன்ப்பா" என்று நான் சொன்னதும், "காலேஜ் அனுப்பினது காபி ஆத்திக் குடுக்கவா?" என்று அப்பா கேட்டதை இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். :-)

விஷயம் இதுதான். 2025 கோடை விடுமுறையில் கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். சேர்ந்தது கணக்குப் பிரிவில். ஆனால் அங்கே சிஸ்டம் அட்மினாக இருந்தது ஒரே ஒரு அண்ணன். இருநூறு பேருக்கு அவர் ஒருவர்தான். "இந்தப் பையனுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியுமாம்" என்று என்னைப் பாதி நாள் அவரிடம் அனுப்பிவிட்டார்கள்.

அங்கேதான் ஷேர்பாயிண்ட் என்ற மகானை முதன்முதலில் தரிசித்தேன். 2001ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஷேர்பாயிண்ட் போர்ட்டல் சர்வர்தான் இதற்கு மூத்தது. பிறகு 2003, 2007, 2010, 2013, 2016, 2019 என்று வரிசையாக வந்தன. எங்கள் கம்பெனியில் ஓடியது 2019. சுருக்கமாகச் சொன்னால், அலுவலகத்தின் ஃபைல் பீரோ, நோட்டீஸ் போர்டு, கையெழுத்துக்குப் போகும் தபால் தட்டு மூன்றையும் பிரவுசருக்குள் வைத்த மாதிரி. சப்ளையர் பில் வந்தால் ஸ்கேன் செய்து அதில் ஏற்றுவார்கள். அது ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொருவரின் ஒப்புதலுக்கும் போய் வரும்.

பார்க்க ஒரே தளம். உள்ளே நாலைந்து பேர் சேர்ந்து இழுக்கிற தேர். வாசலில் ஐஐஎஸ் என்கிற வெப் சர்வர். அதற்குள் ஷேர்பாயிண்ட். எல்லாத் தகவலும் போய் உட்காருவது பின்னால் எஸ்கியூஎல் சர்வரில். யார் உள்ளே வரலாம் என்று அடையாளம் பார்ப்பது ஆக்டிவ் டைரக்டரி. இதில் யார் மக்கர் செய்தாலும் வெளியே இருப்பவர் சொல்வது ஒன்றுதான்: "போர்ட்டல் வேலை செய்யலைங்க!"

சரி, கதைக்கு வருவோம்.

மே 20. வணிகவியல் படித்தவர்களுக்கு இந்தத் தேதி சொன்னாலே வயிற்றைக் கலக்கும். ஏப்ரல் மாத ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. 2பியில் வந்திருக்கும் உள்ளீட்டு வரியை நம் கையிலுள்ள பில்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த பில்கள் எல்லாம் இருப்பது போர்ட்டலில்.

காலை ஒன்பது மணிக்கு அக்கவுண்ட்ஸ் மேடம் திறந்து பார்த்தால் வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி. சர்வீஸ் அன்அவெய்லபிள். பிழை எண் 503.

அட்மின் அண்ணன் ஓடிவந்தார். முதலில் ஐஐஎஸ்ரீசெட் அடித்தார். வரவில்லை. சர்வரையே ரீஸ்டார்ட் செய்தார். பத்து நிமிடம் போனது. மறுபடியும் அதே 503. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "நேத்து சாயங்காலம் நீ என்னமோ அப்டேட் போட்டுட்டிருந்தியேப்பா? நல்லா ஓடிட்டிருந்தத எதுக்குக் கை வெக்கிற?" என்று எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார். அண்ணன் பதில் பேசவில்லை. விண்டோஸ் அப்டேட்தான் காரணம் என்று அவரே நம்பிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"முந்தாநாள் பேக்கப் இருக்குங்க சார், அதை எடுத்துப் போட்டுடலாம்" என்றார். போட்டால் போர்ட்டல் எழுந்திருக்கும். ஆனால் நேற்று முழுக்க ஏற்றிய பில்கள் போய்விடும். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த இரைச்சலுக்கு நடுவில் அண்ணன் என்னிடம், "தம்பி, அந்த சிஸ்டத்துல ஈவென்ட் வியூவரத் தொறந்து, சிவப்பும் மஞ்சளுமா இருக்கறதெல்லாம் படி" என்றார்.

படித்தேன். எண் 5021. குறிப்பிட்ட அப்ளிகேஷன் பூலின் அடையாளம் செல்லாது, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறாக இருக்கலாம் என்று இருந்தது. அடுத்தது 5057. அடையாளம் செல்லாததால் அந்தப் பூலை நிறுத்திவிட்டேன் என்கிறது. இரண்டும் மஞ்சள். ஐஐஎஸ்ஸைத் திறந்து அந்தப் பூல் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது என்று பார்த்தேன்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை முந்தின நாள் மாலை 4.40க்கு மாற்றியது நான்!

வேண்டுமென்று செய்யவில்லை. இன்டர்னல் ஆடிட்டுக்காக என்னிடம் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். 90 நாளுக்கு மேல் கடவுச்சொல் மாற்றாதவர்களைக் கண்டுபிடித்து மாற்றச் சொல்ல வேண்டும். ஊழியர்கள் மறந்துபோனால் ரீசெட் செய்ய அண்ணன் எனக்கு உரிமையும் கொடுத்திருந்தார். பட்டியலில் ஒரு பெயர் மட்டும் ஆள் பெயர் மாதிரியே இல்லை. இரண்டு வருடமாகக் கடவுச்சொல் மாறவே இல்லை. "அட, பெரிய ஓட்டையைப் பிடிச்சுட்டோம்" என்று சந்தோஷமாக மாற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அது சர்வீஸ் அக்கவுண்ட். அதாவது மனிதர் அல்லாத ஊழியர். போர்ட்டல் தளத்தின் அப்ளிகேஷன் பூல் அந்தப் பெயரில்தான் எஸ்கியூஎல் சர்வருக்குப் போய்த் தகவல் எடுத்து வரும்.

அப்படியானால் 4.40க்கே நின்றிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஓடிக்கொண்டிருந்த பூல் ஏற்கெனவே உள்ளே நுழைந்தாயிற்று. மறுபடி வாசலுக்கு வந்தால்தானே சாவி பொருந்தவில்லை என்று தெரியும்? எங்கள் சர்வரில் தினமும் நடுஇரவில் பூல் ஒருமுறை தானாக நின்று மீண்டும் எழும்படி வைத்திருந்தார்கள். அந்த இரவு நின்றது, எழவில்லை. தப்பு நடந்தது மாலையில், தெரிந்தது காலையில். நடுவில் பாவம், அண்ணனின் அப்டேட் வந்து மாட்டிக்கொண்டது.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம், இல்லை இரண்டு நிமிடம் யோசித்தேன். பொய் சொல்லிப் பயனில்லை. பயிற்சிச் சான்றிதழ் கண் முன்னால் வந்து போனது. சும்மா இருந்தால் பேக்கப் போடுவார்கள், பழி அண்ணன் தலையில் விழும், நான் பத்திரம். என்ன கொடுமை என்றால், பேக்கப் போட்டாலும் போர்ட்டல் வந்திருக்காது. கடவுச்சொல் இருப்பது ஆக்டிவ் டைரக்டரியில், ஷேர்பாயிண்ட் பேக்கப்பில் அல்ல. ஒரு நாள் பில்லும் போய், போர்ட்டலும் இல்லாமல் நின்றிருப்போம்.

"அண்ணா, அந்தப் பாஸ்வேர்ட நான்தானுங்ணா மாத்துனேன்" என்றேன். மேனேஜர் அங்கேயே இருந்தார்.

அண்ணன் திட்டவில்லை. "எத்தனை மணிக்கு? புதுசு என்னன்னு எழுதி வெச்சியா?" அவ்வளவுதான் கேட்டார். ஆடிட் எக்செல் ஷீட்டில் நேரமும் கணக்கின் பெயரும் இருந்தன. புதிய கடவுச்சொல்லை ஒரு உறைக்குள் போட்டு வைத்திருந்தேன். அது ஒன்றுதான் நான் அன்று செய்திருந்த நல்ல காரியம்.

ஐஐஎஸ்ஸில் போய்க் கடவுச்சொல்லை அடித்துவிடலாம் என்று நான் கை வைக்கப் போனேன். அண்ணன் தடுத்தார். ஷேர்பாயிண்ட் தன் கணக்குகளைப் பற்றித் தன் கான்ஃபிகரேஷன் டேட்டாபேஸில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. ஐஐஎஸ்ஸில் மட்டும் மாற்றினால் ஷேர்பாயிண்ட்டுக்கு அது தெரியாது. நாளைக்கு வேறு இடத்தில் இடிக்கும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஜர்னலில் பதியாமல் லெட்ஜரில் நேராகத் திருத்துவது மாதிரி!

சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷன் தளத்தைத் திறந்தார். அது வேறு கணக்கில் ஓடுவதால் நன்றாகவே இருந்தது. (அதை முதலிலேயே திறந்து பார்த்திருந்தால் சர்வரும் எஸ்கியூஎல்லும் நலம், போர்ட்டலின் பூலில் மட்டும்தான் கோளாறு என்று தெரிந்திருக்கும்.) மேனேஜ்டு அக்கவுண்ட்ஸ் பகுதியில் அந்தக் கணக்குக்குப் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தார். பூலை ஸ்டார்ட் செய்தார். 11.20க்கு போர்ட்டல் வந்தது. மாலை நாலு மணிக்கு 3பி தாக்கல் ஆனது. மேனேஜர் அண்ணனைப் பார்த்து, "சரி, பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று மதியம் டீக்கடையில் அண்ணன் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். பிழைச் செய்தி வலிக்கிற இடத்தைச் சொல்லும், வியாதியைச் சொல்லாது. 503 என்றால் வாட்ச்மேன் இருக்கிறார், உள்ளே ஆள் இல்லை. 401 என்றால் உன்னை யார் என்று தெரியவில்லை. ஷேர்பாயிண்ட்டே பிழை காட்டினால் கூடவே ஒரு நீளமான கோரிலேஷன் ஐடி தரும். அதை யுஎல்எஸ் லாக் ஃபைலில் தேடினால் அந்த ஒரு கோரிக்கைக்கு என்ன நடந்தது என்று வரிவரியாகக் கிடைக்கும். எங்களுக்கு அன்று ஐடியே வரவில்லை. அப்படியென்றால் கோரிக்கை ஷேர்பாயிண்ட் வரை போகவே இல்லை, அதற்கு முன்னாலேயே தேட வேண்டும். இல்லாததும் ஒரு சாட்சிதான்.

இன்னொன்றும் காட்டினார். சர்வரிலேயே உட்கார்ந்து போர்ட்டலைத் திறந்தால் 401 வரும். மற்ற கம்ப்யூட்டரில் ஜோராக வரும். லூப்பேக் செக் என்ற பாதுகாப்பு அது. சர்வர் தன் இன்னொரு பெயரைச் சொல்லித் தன்னையே கூப்பிட்டால் விண்டோஸ் சந்தேகப்படும். போர்ட்டலின் தேடல் வசதி தன் தளத்தையே படிக்கப் போகும்போதும் இதனால் அடிவாங்கும். சோதனையையே மொத்தமாக அணைத்துவிடுவது ஒரு வழி. நம்பலாம் என்கிற பெயர்களை மட்டும் பட்டியலில் சேர்ப்பது இன்னொரு வழி. முதல் வழிக்கு ஒரு நிமிடம் போதும். அதனால் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

நாங்கள் அதை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்போம். ட்ரையல் பேலன்ஸ் இடிக்கிறது, 1,800 ரூபாய் வித்தியாசம். எங்கே என்று தேடப் பொறுமையில்லை. சஸ்பென்ஸில் போட்டால் இரண்டு பக்கமும் சமம். ஆனால் தப்பு அங்கேயே இருக்கிறது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் அடிப்பதும், பேக்கப் எடுத்துப் போடுவதும் அதே ரகம்தான்.

அதன் பிறகு அண்ணன் இரண்டு காரியம் செய்தார். சர்வீஸ் அக்கவுண்டுகளைத் தனியாகப் பிரித்து என் ரீசெட் உரிமை அங்கே எட்டாதபடி வைத்தார். இன்டர்னல் செக் என்று பாடத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது, ஒரு நீளமான லெட்ஜர் நோட்டு. தேதி, நேரம், எந்த சர்வர், என்ன மாற்றம், யார், ஏன். முதல் பதிவை என்னையே எழுதச் சொன்னார்.

2025 ஜூலையில் டூல்ஷெல் என்ற பெயரில் தாக்குதல் வந்தபோது அந்த நோட்டு உதவியது. நிறுவனங்கள் தங்கள் இடத்திலேயே வைத்து ஓட்டும் ஷேர்பாயிண்ட் சர்வர்களைக் குறிவைத்த தாக்குதல் அது. திருத்தத்தைப் போட்டால் மட்டும் போதாது, மெஷின் கீ என்கிற சாவிகளையும் மாற்றி ஐஐஎஸ்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. பழைய சாவியைத் திருடன் நகல் எடுத்திருந்தால், ஓட்டையை அடைத்த பிறகும் வந்து போவானே! அப்போது நான் கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். அண்ணன் போனில் கூப்பிட்டு, "எதுல என்ன பண்ணிருக்கோம்னு தேடவே இல்லை தம்பி, நோட்டப் பொரட்டிப் பொரட்டி ராத்திரியோட முடிச்சுட்டேன்" என்றார்.

பேச்சோடு பேச்சாக, மே 20 அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "வேற என்ன, பேக்கப் போட்டிருப்பேன். அதுவும் வரலைன்னதும் வேலைய விட்டுட்டுப் போயிருப்பேன்" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.