ஜெயபுரத்து மழையும் ஒரு கூடாரமும்

காடும் வயலும் சூழ்ந்தது பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரம். 2008 இல் போர் இக்கிராமத்தை வெறுமையாக்கியது. வன்னி மக்கள் தஞ்சமடைந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில், 2009 ஆவணி மழையின்போது கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. 2018 மார்கழியிலும் கிளிநொச்சி மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. ஆகவே சகோதரிகளே, கூடாரத்தைத் தெரிந்தெடுக்க அறிந்திருப்போம்.

ஒற்றை விரிப்புக் கூடாரம் பகலில் கொதிக்கும். இரட்டை விரிப்பும் இடையே காற்றோட்டமும் உள்ளதே எமது வெயிலுக்கு ஏற்றது. ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் சர்வதேச நியமம், ஐவருக்கு 17.5 வேண்டும். நிமிர்ந்து நின்று உடைமாற்ற உயரமும், உள்ளிருந்து கட்டக்கூடிய வாசலும் அவசியம். மேட்டில் அமைத்துச் சுற்றிவர வாய்க்கால் வெட்டுங்கள். நிவாரணமாகக் கிடைப்பது வெறும் தறப்பாளானாலும், மறைவும் பாதுகாப்பும் கேட்பது எமது உரிமை.